முப்பதும் நாற்பத்தைந்தும்

தேயிலை நாற்று வளர்க்கும் தொழில் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. தாய்ச்செடியில் என்ன இருந்ததோ, அதுவே அதிலிருந்து வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் இருக்கும் என்பதே அந்த நம்பிக்கை. கவாத்து முடிந்து சில மாதம் வளரவிட்ட தாய்ச்செடியின் கிளையை எடுக்கிறோம். மேலே முற்றாத நுனியையும் கீழே பழுப்பேறிய அடியையும் தள்ளிவிட்டு, நடுவிலுள்ள பச்சைத் தண்டை மட்டும் நறுக்குகிறோம். ஒவ்வொரு துண்டிலும் ஓர் இலை, அதன் கக்கத்தில் ஓர் அரும்பு, அதற்குக் கீழே இரண்டு விரற்கடைத் தண்டு. புளிப்பான அடிமண் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் இலை மண்ணில் படாதபடி ஊன்றி, நிழலும் ஈரமும் கொடுத்து வந்தால், சில வாரங்களில் வெட்டுவாயில் வெளுத்த திரளை ஒன்று புடைத்து வரும். அதன் பிறகு வேர் இறங்கும். ஓராண்டு அளவில் சரிவில் நடும்போது, ஒரே தாயின் ஆயிரக்கணக்கான கன்றுகளும் ஒன்றுபோலக் கொழுந்து விட வேண்டும், கோப்பையில் ஒன்றுபோலச் சாயம் இறங்க வேண்டும் என்று தோட்டம் எதிர்பார்க்கிறது. அந்த எதிர்பார்ப்பு பெரும்பாலும் பொய்ப்பதில்லை. மலேசியாவின் கேமரன் மலையில் ரிங்லெட்டைச் சுற்றியுள்ள சரிவுகளில் விதைத் தேயிலை நிற்கும் பத்தியையும் துண்டு நாற்றில் வளர்ந்த பத்தியையும் அருகருகே பார்த்தால் போதும். முன்னதில் இலையின் நீளமும் நிறமும் செடிக்குச் செடி வேறு. பின்னது ஒரே பச்சையாகக் கிடக்கும்.

இந்த ஒற்றுமைக்கு அடிப்படை, தேயிலையின் ஒவ்வொரு செல்லிலும் உள்ள 30 குரோமோசோம்கள். செல் பிரியும்போது அந்த எண் காக்கப்படுகிறது. அதனால் எண் மாறினால் அது கோளாறு, மாறிய செடி கழிக்க வேண்டிய செடி என்று இத்தொழிலில் பலர் நினைக்கிறார்கள். பள்ளிப் பாடத்தில் படித்த எல்லோருக்கும் அதே எண்ணம்தான். அது பாதி உண்மை. எண் மாறியதா என்பதை விட, எந்த விதத்தில் மாறியது, மாறியதை எந்த வழியில் பெருக்குகிறோம் என்ற இரண்டு கேள்விகளே முக்கியம். இந்தத் தெளிவு இல்லாததால், மலையில் நிற்கும் நல்ல செடிகள் சில யாரும் அடையாளம் காணாமலே அழிந்துபோகின்றன என்பது என் கவலை.

முதலில் எண் எப்படிக் காக்கப்படுகிறது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பலருக்கும் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. வெட்டுவாய்த் திரளையிலோ வேர்நுனியிலோ ஒரு செல் பிரியத் தயாராகும்போது, 30 குரோமோசோம்களும் தம்மை ஒரு முறை நகலெடுத்துக்கொள்கின்றன. நகலும் மூலமும் சென்ட்ரோமியர் என்ற இடத்தில் ஒட்டியே இருப்பதால், சரக்கு இரட்டித்தாலும் கணக்கு இன்னும் 30தான். குரோமோசோம்களை எண்ணுகிறவர்கள் சென்ட்ரோமியர்களைத்தான் எண்ணுகிறார்கள். பிறகு செல்லின் இரு முனைகளிலிருந்தும் நுண்ணிழைகள் நீண்டு வந்து ஒவ்வொரு சென்ட்ரோமியரையும் இரண்டு பக்கமும் பிடிக்கின்றன. ஒரு குரோமோசோம் இழையில் மாட்டாமல் நின்றாலும் பிரிவு அங்கேயே காத்திருக்கும். எல்லாம் மாட்டியதும் ஒட்டுப்பசை அறுந்து, அந்தச் சிறு கணத்தில் ஒரே செல்லுக்குள் 60 குரோமோசோம்கள் இருக்கும். நடுச்சுவர் எழும்பியதும் இந்தப் பக்கம் 30, அந்தப் பக்கம் 30. ஆகவே எண்ணிக்கை மாறாத பிரிவு என்று நாம் சொல்லும் இந்தச் சாதாரணப் பிரிவிலேயே எண் ஒரு முறை இரட்டித்து, மறுபடி பாதியாகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் பிறழ்ச்சிகள் அனைத்தும் எளிதில் விளங்கும். நடுச்சுவர் எழும்பவில்லையென்றால் 60 அப்படியே நின்றுவிடும். ஒரு குரோமோசோமின் இரு நகல்களும் ஒரே பக்கம் போனால் ஒரு செல்லில் 31, இன்னொன்றில் 29.

பூவுக்குள் நடப்பது வேறு. மகரந்தமும் கருமுட்டையும் உண்டாகும்போது, நகலெடுப்பது ஒரு முறை, பிரிவது இரண்டு முறை. முதல் பிரிவில் தாய்வழி வந்ததும் தந்தைவழி வந்ததும் ஜோடி சேர்ந்து, துண்டுகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டு, எதிர்ப்பக்கங்களுக்குப் போகின்றன. இரண்டாவதில் நகல்கள் பிரிகின்றன. கடைசியில் கையில் இருப்பது 15. தேயிலைப் பூ தன் மகரந்தத்தைத் தானே பெரும்பாலும் ஏற்பதில்லை. அதனால் ஒவ்வொரு விதையும் இரண்டு வெவ்வேறு செடிகளின் 15உம் 15உம் சேர்ந்த புதுக் கலவை. ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் இதே மலையில் போ என்ற தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் தேயிலை என்றாலே விதைத் தேயிலைதான். துண்டு நாற்று தோட்டங்களில் பரவியது அதற்கு வெகுகாலம் கழித்து. கேமரன் மலையின் பழைய பத்திகளில் செடிக்குச் செடி முகம் மாறுவதற்கு இதுவே காரணம். இந்த இரண்டு பிரிவுகளில் ஒன்று எப்போதாவது நடக்காமல் போவதுண்டு. அப்போது 15க்குப் பதிலாக 30 குரோமோசோமும் கொண்ட கருமுட்டையோ மகரந்தமோ உருவாகிறது. அது சாதாரணமான 15உடன் சேர்ந்தால், விதையில் 45. இதைத்தான் மும்மடியம் என்கிறோம். விதைத் தேயிலைக்குள் இப்படிப்பட்ட செடிகள் அரிதாக, யாரும் கேளாமல், தாமாகவே தோன்றுகின்றன.

அந்த 45 குரோமோசோம் செடி நோஞ்சானா? இல்லை. அஸ்ஸாமில் ஜோர்ஹாட்டுக்கு அருகே 1911 முதல் இயங்கும் டோக்லாய் ஆய்வு நிலையம் வெளியிட்ட துண்டு நாற்று வகைகளில் டிவி 29 ஒரு மும்மடியம். விளைச்சலுக்குப் பெயர் பெற்ற வகை அது. பொதுவாக மும்மடியத் தேயிலைக்கு இலை பெரிது, தடிப்பு அதிகம், வளர்ச்சி வேகமானது, கஷ்டத்தைத் தாங்கும் உடம்பு. கோப்பைத் தரத்தில் எல்லா மும்மடியமும் முன்வரிசைக்கு வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அதற்குக் குறை உண்டென்றால் அது விதையில்தான். 15 வகைக் குரோமோசோம், வகைக்கு மூன்று. இரட்டையாக ஜோடி சேர வேண்டியவை மூன்றாக நின்றால், ஒன்று ஒரு பக்கமும் இரண்டு மறுபக்கமும் போகும். எந்தப் பக்கம் எது என்பது வகைக்கு வகை தனித்தனிக் குருட்டு அதிர்ஷ்டம். பதினைந்து வகையிலும் ஒவ்வொன்று மட்டும் ஒரே பக்கம் வந்து சேர 32,768இல் ஒரு வாய்ப்பு. எல்லாவற்றிலும் இரண்டிரண்டு வந்து சேரவும் அதே வாய்ப்பு. மிச்சமுள்ள எல்லாமே 18, 22, 27 என்று ஏறுக்குமாறான கலவை. அதனால் மும்மடியம் நல்ல விதை கட்டுவது மிக அரிது. தேயிலைக்காரனுக்கு இது இழப்பே அல்ல. நாம் விற்பது இலை. செடி தன் சக்தியைக் காயிலும் விதையிலும் கொட்டாமல் இருந்தால் நமக்கு நல்லது.

ஒரு குரோமோசோம் கூடினால் கேடு, 15உம் சேர்ந்த ஒரு தொகுதியே கூடினால் கேடில்லை என்பது எப்படி? இதற்குச் சான்று நூறாண்டுக்கும் முந்தையது. 1902இல் ஜெர்மானியரான தியோடர் போவேரி, கடல் முள்ளெலியின் முட்டையில் இரண்டு விந்தணுக்கள் நுழைந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார். அத்தகைய முட்டை ஒரே தடவையில் நான்காகப் பிரிகிறது. குரோமோசோம்கள் நான்கு செல்களுக்கும் கண்டபடி பங்காகின்றன. அநேகமாக எல்லாக் கருவும் சீர்கெட்டு இறந்தன. ஆனால் எல்லா செல்லும் ஒரே விதமாகக் கெடவில்லை. எண்ணிக்கை போதாததால் அவை இறக்கவில்லை, சரியான சேர்க்கை அமையாததால் இறந்தன என்று அவர் முடிவுக்கு வந்தார். பிறகு அமெரிக்காவில் ஆல்பர்ட் பிளேக்ஸ்லீ, நம் ஊமத்தையின் நெருங்கிய உறவான செடியை எடுத்து ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். அதில் 12 வகைக் குரோமோசோம். எந்த வகை ஒன்று கூடுதலாக இருக்கிறதோ அதற்கேற்ப முள்காயின் வடிவமே மாறியது. ஒன்று உருண்டை, இன்னொன்று ஒடுக்கம், மற்றொன்றில் முள் வேறு. பன்னிரண்டு கூடுதல், பன்னிரண்டு முகம். அதே செடியில் முழுத் தொகுதியையே கூட்டியபோது இப்படி உருவம் குலையவில்லை. தே தாரிக் கலக்குகிறவர் தேயிலைச் சாறு, கெட்டிப்பால் எல்லாவற்றையும் ஒன்றுக்கு ஒன்றரையாகக் கூட்டினால் குவளை பெரிதாகும், ருசி அதுவே. பாலை மட்டும் கூட்டினால் அது வேறு பானம். மரபணுக்கள் செய்யும் புரதங்கள் ஒன்றோடொன்று அளவு பார்த்து இணைந்து வேலை செய்பவை. அளவு எல்லாவற்றிலும் சேர்ந்து உயர்ந்தால் செல் சமாளிக்கும். ஒன்றில் மட்டும் உயர்ந்தால் தடுமாறும்.

மனிதரைக் காட்டி இதை மறுக்கலாம், அந்த மறுப்பு நியாயமானது. 21ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதுதான் டவுன் நோய்க்குறி என்று ஜெரோம் லெஜூனும் அவருடைய சகாக்களும் 1959இல் காட்டினார்கள். அது ஒற்றை கூடிய கணக்கு, நான் சொன்னதோடு ஒத்துப்போகிறது. ஆனால் முழுத் தொகுதி கூடிய 69 குரோமோசோம் கருவும் மனிதரில் நிலைப்பதில்லை. அப்படியானால் விகிதக் கணக்கு எங்கே போயிற்று? விகிதம் மட்டுமே எல்லாம் அல்ல என்பதுதான் பதில். பல விலங்குகளில் பாலினத்தைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் உண்டு. பாலூட்டிகளில் தாய்வழி வந்ததா, தந்தைவழி வந்ததா என்பதைப் பொறுத்துச் சில மரபணுக்கள் விழித்திருக்கும், சில உறங்கும். நஞ்சுக்கொடியின் வளர்ச்சியே அந்த ஏற்பாட்டை நம்பியிருக்கிறது. தொகுதி ஒன்று கூடினால் அது குலைகிறது. தேயிலைக்கு அந்தத் தளை கிடையாது. இன்னொன்றும் உண்டு. மனித உடம்பிலேயே கல்லீரல் செல்களில் கணிசமானவை இரட்டித்த தொகுதியோடு இயல்பாக வேலை செய்கின்றன. முழுத் தொகுதி கூடுவது செல்லுக்கு அதனளவில் நஞ்சல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

தொகுதிகள் பெருகப் பெருக, ஒற்றைக் கூடுதலின் கடுமையும் குறைகிறது. இதற்குச் சான்று தேட மலையை விட்டு இறங்க வேண்டியதில்லை. ரிங்லெட்டிலும் பெர்த்தாம் பள்ளத்தாக்கிலும் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வளரும் செவ்வந்தி ஆறு தொகுதி கொண்டது, வழக்கமாக 54. ஆனால் வகைக்கு வகை அந்த எண் சற்று மேலும் கீழுமாக இருக்கிறது, பூ அழகாகவே பூக்கிறது. இரண்டில் ஒன்று கூடினால் பாதிப் பங்கு ஏற்றம், ஆறில் ஒன்று கூடினால் ஆறிலொரு பங்குதான். சுற்றுலாப் பயணிகள் பறித்துத் தின்னும் ஸ்ட்ராபெரி எட்டுத் தொகுதி, 56. காட்டு ஸ்ட்ராபெரிகளில் 14 மட்டுமே கொண்டவையும் உண்டு. ரிங்லெட் கடைத்தெருவில் தொங்கும் பிசாங் பெராங்கான் வாழைத்தார் மும்மடியம், 33. மலைத் தோட்டத்துக் கூலி வாழ்க்கையோடு ஒட்டிப்போன பொருட்களில் பாதி, ஏதோ ஒரு காலத்தில் செல் பிரிவு தவறியதன் கொடை. தேயிலை மட்டும் இதற்குப் புறம்பல்ல. 2018இல் சீன வகைத் தேயிலையின் மரபுத்தொகுதியை வெளியிட்டவர்கள், அதன் முன்னோர் வழியில் முழுத் தொகுதி இரட்டித்த தடயங்கள் இரண்டு இருப்பதாகக் கண்டார்கள். சுமார் 9 முதல் 10 கோடி ஆண்டுக்கு முன்பு ஒன்று, 3 முதல் 4 கோடி ஆண்டுக்கு முன்பு இன்னொன்று. இன்று நாம் மாறாத 30 என்று சொல்லிக்கொள்வதும் மாறி வந்த எண்தான்.

குரோமோசோம் தொகுதி கூடுவதைத் தமிழ்நாட்டில் தொழிலாகவே எடுத்துச் செய்து காட்டிய இடம் கோயம்புத்தூர். 1912இல் அங்கே கரும்பு வளர்ப்பு நிலையம் அமைந்தது. வெள்ளை என்ற தடித்த கரும்பையும் காட்டில் தானே வளரும் நாணல் போன்ற கரும்பினத்தையும் கலந்து 1918இல் வெளிவந்த கோ 205 இந்தியக் கரும்பின் போக்கையே மாற்றியது. அதன் கணக்கைப் பாருங்கள். தாய்க்கு 80, தந்தைக்கு 64. ஆளுக்குப் பாதியென்றால் 40உம் 32உம் சேர்ந்து 72 வர வேண்டும். வந்தது 112. தாய் தன் 80ஐயும் குறைக்காமல் அப்படியே கொடுத்துவிட்டது. ஜாவாவில் கஸூர் என்ற கரும்பிலும் இதே கதைதான், 80உம் 56உம் சேர்ந்து 136. கருமுட்டையில் குறைப்பு நடக்காமல் போவதுதான் உலகத்துச் சர்க்கரை ஆலைகளுக்கு இன்று தீனி போடுகிறது. 1934இல் அந்த நிலையத்துக்கு வந்த தலசேரிக்காரரான ஜானகி அம்மாள், சென்னை மாநிலக் கல்லூரியிலும் மிச்சிகனிலும் படித்தவர், கரும்பின் குரோமோசோம்களை எண்ணி எண்ணியே பேர் பெற்றார். 1945இல் சி. டி. டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்களை ஒரே தொகுப்பாக வெளியிட்டார். தோட்டத் தொழிலில் இருப்பவர்கள் அவர் பெயரை அறியாமல் இருப்பது வருத்தத்துக்குரியது.

அப்படியானால் தேடுவானேன், மருந்து போட்டு இரட்டித்துவிடலாமே என்று கேட்பார்கள். மருந்து இருக்கிறது. கொல்கிசின் நுண்ணிழைகளைக் கட்டவிடாமல் தடுக்கும். இழை இல்லையேல் நகல்கள் பிரிந்தும் எந்தப் பக்கமும் போக முடியாது, 60 ஒரே செல்லில் தங்கிவிடும். 1937இல் பிளேக்ஸ்லீ இதைச் செடிகளில் பரவலாக்கினார். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் இருக்கும் நஞ்சு இதுவேதான். அதன் விதைக்காகவே அங்கே விவசாயிகள் பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். ஆனால் தேயிலையில் மருந்தால் இரட்டித்த 60ஐ நேரே நட்டுப் பலன் பார்ப்பது பெரும்பாலும் ஏமாற்றம். செல் பெரிதாகிறது, இலை தடிக்கிறது, வளர்ச்சி மந்தமாகிறது, ஒரே அரும்பில் 30உம் 60உம் கலந்து வளர்ந்து பிறகு 30 முந்திக்கொள்வதும் உண்டு. அதன் மெய்யான உபயோகம் சம்பந்தம் செய்வதில். 60ஐயும் 30ஐயும் கலந்தால் 45 கிடைக்கும். இதற்கும் விதை, நாற்று, பல ஆண்டு சோதனை என்று காலம் பிடிக்கும். இயற்கை ஏற்கெனவே செய்து, எண்பது தொண்ணூறு ஆண்டு மழையிலும் கவாத்திலும் சோதித்து நிறுத்தியிருக்கும் செடியைத் தேடுவது அதைவிட மலிவு.

கனமான ஆட்சேபம் ஒன்று மீதமிருக்கிறது. விதை கட்டாத மும்மடியத்தைத் துண்டாலேயே பெருக்கினால் மலை முழுவதும் ஒரே செடியாகிவிடும், ஒரு நோய் வந்தால் எல்லாம் போகும். வாழையில் இது நடந்தது. கவெண்டிஷ் என்ற மும்மடிய வாழையைப் பெருந்தோட்டமாக வைத்த மலேசியத் தோட்டங்களை 1990களில் வாடல் நோயின் புதிய இனம் நாசமாக்கியது. இந்த ஆட்சேபத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் குற்றம் 45இன் மேல் இல்லை. 30 குரோமோசோம் வகை ஒன்றையே மலை முழுவதும் நட்டாலும் ஆபத்து அதேதான். ஒரு தோட்டத்தில் பல வகைகளை நடுவதும் பழைய விதைத் தேயிலையை ஓரளவாவது காப்பதும்தான் பரிகாரம். எண் மாறாததால் எல்லாம் மாறாமல் இருக்கும் என்று நம்புவதும் தவறு. செம்பனையில் திசு வளர்ப்புக் கன்றுகள் சில, 32 குரோமோசோமும் ஒழுங்காக இருந்தும், பழம் உருக்குலைந்து காய்த்தன. மரபணுவின் மேலிருந்த வேதிக் குறி ஒன்று உதிர்ந்ததே காரணம் என்று மலேசிய ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். துண்டு நாற்றையும் கண்ணால் பார்த்துத்தான் தேற வேண்டும்.

ஆகவே நான் வலியுறுத்துவது இது. பழைய விதைத் தேயிலைப் பத்தியை மறுநடவுக்காகவோ காய்கறிக் கொட்டகைக்காகவோ பிடுங்கத் தீர்மானித்தால், அதற்கு முந்தைய பருவத்தில் ஒரு முறை அதைச் செடி செடியாகப் பார்க்க வேண்டும். தடித்த பெரிய இலை, கவாத்துக்குப் பிறகு பிறரை முந்தும் தளிர், பூத்தும் காய் பிடிக்காத கிளை, இந்த மூன்றும் சேர்ந்த செடிகளுக்குத் தகடு கட்டுங்கள். அவற்றின் முற்றிய இலையின் அடிப்பக்கத்தில் நிறமில்லாத நகச்சாயம் பூசி, காய்ந்ததும் ஒட்டுநாடாவால் உரித்து எடுத்து, சாதாரண நுண்ணோக்கியில் வையுங்கள். தேயிலைக்கு இலைத்துளைகள் அடிப்பக்கத்தில் மட்டுமே உண்டு. அவரை விதை போன்ற இரண்டு காவல் செல்களுக்கு நடுவே ஒரு கீற்றாக அவை தெரியும். பக்கத்துச் செடிகளைவிட அந்தச் செல்கள் நீண்டும், பார்வை வட்டத்தில் எண்ணிக்கை குறைந்தும் இருந்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு. சந்தேகம் முடிவல்ல. அந்தச் செடியில் துண்டு வெட்டி வேர்விட வைத்து, வெள்ளை வேர்நுனியைக் காலையில் எடுத்து, சாராயமும் அசெட்டிக் அமிலமும் மூன்றுக்கு ஒன்றாகக் கலந்ததில் பதப்படுத்தி, சாயமேற்றி நசுக்கி எண்ண வேண்டும். தேயிலையின் துவர்ப்புச் சத்து சாயம் பிடிப்பதைக் கெடுக்கும். குரோமோசோம்களும் மிகச் சிறியவை, ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும். எண்ணுவதில் அவசரம் கூடாது. மனிதக் குரோமோசோம் 48 என்று முப்பது ஆண்டுக்கு மேல் அறிவுலகம் நம்பியிருந்தது. ஜாவாவில் பிறந்த ஜோ ஹின் தியோவும் ஆல்பர்ட் லேவானும், செல்லை நன்றாக விரித்து 46 என்று எண்ணிச் சொன்னது 1956இல்தான். பல்கலைக்கழக ஆய்வகம் கைகொடுத்தால், இலைத்துணுக்கின் மரபுப்பொருளை அளக்கும் கருவி ஒரே நாளில் பல செடிகளுக்கு விடை சொல்லிவிடும். 45 உறுதியான செடியிலிருந்து துண்டுகளை வேறு வேறு உயரங்களில் நட்டு, குறைந்தது ஒரு கவாத்துச் சுற்று முழுவதும் எடையும் கோப்பையும் பார்த்த பிறகு அதைத் தேறியதா இல்லையா என்று தீர்மானிக்கலாம். தோண்டும் இயந்திரம் பத்திக்குள் இறங்குவது அதற்கெல்லாம் பிறகு இருக்கட்டும்.